சென்னையில் முதல் கார்: பிராண்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

மாருதியா, ஹூண்டாயா, டாடாவா, இல்லை நேராக எலக்ட்ரிக்குக்கே போய்விடலாமா? முதல் கார் வாங்கப் போகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வண்டி தினமும் எப்படி ஓடப் போகிறது, ராத்திரி எங்கே நிற்கப் போகிறது, பழுதானால் யார் கையில் விடப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால் பிராண்டு தானாகவே இரண்டு மூன்று பெயருக்குள் சுருங்கிவிடும். விடை இல்லாமல் ஷோரூமுக்குப் போனால், அன்றைக்கு எங்கே தள்ளுபடி அதிகமோ அந்த வண்டிதான் வீட்டுக்கு வரும். பத்து வருஷம் அதை ஓட்டப் போவது நீங்கள்.

1. முதலில் ஓட்டக் கணக்கு

வேளச்சேரியிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்குப் போய்வர சுமார் 45 கிலோமீட்டர். மாதம் 22 வேலை நாள் என்றால் 1,000 கிலோமீட்டர் பக்கம் வந்துவிடும். அண்ணா நகரில் குடியிருந்து மெட்ரோவில் வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வெளியே எடுப்பவருக்கு மாதம் 300 தாண்டாது. இந்த இருவருக்கும் ஒரே வண்டி சரிப்படாது.

மாதம் 500 கிலோமீட்டருக்குள் என்றால் டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின் போதும். இந்த ஓட்டத்துக்கு எலக்ட்ரிக் வாங்கினால் கூடுதலாகக் கொடுத்த விலை திரும்பி வர ரொம்ப நாள் ஆகும். 1,000 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் நகரத்துக்குள் என்றால் எலக்ட்ரிக்கை முதலில் பாருங்கள். ஆனால் வீட்டில் சார்ஜ் போட வழி இருக்க வேண்டும். மாதம் இருமுறை மதுரை, கோவை என்று ஓடுபவர்களுக்கு டீசல் அல்லது ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது) இன்னும் நல்ல தேர்வுதான்.

நகரத்துக்குள் மட்டும் ஓட்ட டீசல் வாங்காதீர்கள். பிஎஸ்6 என்ற புகை விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது தானே எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஒரே சீரான வேகத்தில் இருபது நிமிஷமாவது ஓட வேண்டும். தி.நகரில் ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்து அணைக்கிற வண்டியில் அது நடக்கவே நடக்காது. கரி சேர்ந்து எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கு எரிந்த அன்றே வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் ஒரு நீள ஓட்டம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அலட்சியமாக விட்டால் வடிகட்டியையே மாற்றும் செலவு வரும்.

2. பிராண்டைவிட கியர்பாக்ஸ் முக்கியம்

இன்று சென்னையில் முதல் கார் வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ஆட்டோமேட்டிக்தான் கேட்கிறார்கள், நியாயமும்கூட. ஆனால் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு சாமான் விற்கிறது. 'நம்பகமான பிராண்டு' என்று பொதுவாகச் சொல்வதில் பாதி விஷயம் இங்கேதான் மறைந்திருக்கிறது.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் போடுகிறது. விலை குறைவு, மைலேஜ் நன்றாக வரும். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச் பிளேட் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. கத்திப்பாரா மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி பின்னால் போகாமல் இருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அந்த நேரம் முழுக்க கிளட்ச் தேய்கிறது. ஏற்றத்தில் நின்றால் பிரேக்கை மிதியுங்கள், இல்லையென்றால் ஹேண்ட்பிரேக் போடுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் பழைய முறை, திடமான முறை. எண்ணெய் வழியாகச் சக்தி போவதால் ஊர்ந்து போவது இதற்குப் பெரிய சுமை இல்லை. மாருதியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஃபோக்ஸ்வாகன் - ஸ்கோடாவின் 1.0 டர்போ, ஹூண்டாய் - கியாவின் 1.5 டீசல் எல்லாம் இந்த வகை ஆட்டோமேட்டிக்கோடு வருகின்றன. சிவிடி, அதாவது படிப்படியான கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் வகை, இன்னும் வழுவழுப்பு. ஹோண்டா சிட்டியிலும் எலிவேட்டிலும் இதுதான். கம்பெனி கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் இதன் எண்ணெயை மாற்றிவிட்டால் பிரச்சினை குறைவு. வேறு எண்ணெய் ஊற்றினால் கெட்டுப்போகும்.

இரண்டு கிளட்ச் வைத்து மாறி மாறி கியர் போடும் டிசிடி அல்லது டிஎஸ்ஜி ஓட்டுவதற்கு அருமையானது. ஆனால் இந்த வகுப்பு வண்டிகளில் வரும் ஏழு கியர் டிசிடியில் பல உலர் கிளட்ச் வகை, அதாவது கிளட்சைக் குளிர்விக்க எண்ணெய் கிடையாது. ஓஎம்ஆரில் மெட்ரோ வேலைக்காகச் சாலை சுருங்கிய இடத்தில், ஒவ்வொரு அடியாக நகர்த்தும்போது கிளட்ச் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் உரசிச் சூடேறும். மே மாத வெயிலில் 'கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது' என்ற எச்சரிக்கை டிஸ்ப்ளேயில் வருவது இதனால்தான். இந்த வண்டி வைத்திருப்பவர்கள் முன்னால் ஒரு கார் நீளம் இடம் விட்டு, அது திறந்ததும் ஒரே ஓட்டமாகப் போய் நிற்கப் பழக வேண்டும். தினசரி ஓட்டத்தில் முக்கால்வாசி நெரிசல் என்றால் டார்க் கன்வெர்ட்டரோ சிவிடியோ எடுங்கள்.

3. ஒரே வண்டி, இரண்டு பெயர்

மாருதியின் பலேனோவும் டொயோட்டாவின் கிளான்ஸாவும் ஒன்றே. ஃபிராங்க்ஸ் - டைசர், எர்டிகா - ருமியன், கிராண்ட் விட்டாரா - ஹைரைடர் ஆகிய ஜோடிகளும் அப்படித்தான். ஹூண்டாய் கிரெட்டாவுக்கும் கியா செல்டோஸுக்கும், ஹூண்டாய் வென்யூவுக்கும் கியா சோனெட்டுக்கும், ஸ்கோடா குஷாக்குக்கும் ஃபோக்ஸ்வாகன் டைகுனுக்கும் இன்ஜினில் நெருங்கிய உறவு. இந்த ஜோடிகளுக்குள் எது நம்பகமானது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாரண்டி எத்தனை வருஷம், சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம், டெலிவரிக்கு எத்தனை வாரம் என்று மட்டும் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

மற்றபடி பிராண்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. மாருதிக்குப் பலம் உதிரிபாகம்: எந்த ஊரில் நின்றாலும் கிடைக்கும், விலையும் குறைவு, விற்கும்போது நல்ல விலை போகும். டொயோட்டாவின் ஹைபிரிட் நகர நெரிசலில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் ஊரும்போது இன்ஜின் பெரும்பாலும் அணைந்தே இருக்கும். ஹூண்டாய் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூர் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஓடுகிறது. சென்னையில் அந்த வண்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த வெளி மெக்கானிக்குகள் நிறையக் கிடைப்பார்கள். வாரண்டி முடிந்த பிறகுதான் இதன் அருமை தெரியும். டாடாவும் மஹிந்திராவும் மோதல் சோதனைகளில் ஐந்து நட்சத்திரம் வாங்கும் கனமான வண்டிகள் தருகின்றன. அங்கே சாஃப்ட்வேர் புதுப்பிப்பைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். ஹோண்டாவின் பெட்ரோல் இன்ஜின்கள் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ஷோரூம்களும் மாடல்களும் குறைவு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா ஹைவேயில் நிலைத்து நிற்பது தனி சுகம். உதிரிபாக விலை மாருதியைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எந்தப் பிராண்டானாலும் புதிதாக வந்த மாடலை முதல் ஆறு மாதத்துக்குள் வாங்காதீர்கள். சின்னச் சின்னக் கோளாறுகள் வெளிவந்து திருத்தப்படுவது அந்தச் சமயத்தில்தான்.

4. ஷோரூமுக்கு முன் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்

புதியவர்கள் யாரும் செய்யாத வேலை இது. வாங்க நினைக்கும் பிராண்டின் சர்வீஸ் சென்டர் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று பார்த்து, ஒரு சனிக்கிழமை காலை நேரில் போங்கள். காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டியைப் பற்றி மனம்விட்டுப் பேசுவார்கள். பிறகு பின்பக்க யார்டை எட்டிப் பாருங்கள். கண்ணாடியில் விரலால் எழுதும் அளவுக்குத் தூசி படிந்து, டயரில் காற்று இறங்கி நிற்கும் வண்டிகள் வரிசையாக இருந்தால், உதிரிபாகம் வராமல் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்றிரண்டு எங்கும் இருக்கும். பத்து இருந்தால் யோசிக்க வேண்டும்.

அட்வைசரிடம் இரண்டு கேள்வி போதும். முன் பம்பரும் ஹெட்லைட்டும் என்ன விலை, ஸ்டாக்கில் இருக்கிறதா? சென்னைச் சாலையில் முதலில் அடிபடுவது அவைதான்.

பிராண்டு நிலைத்து இருக்குமா என்பதும் சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான கவலை. மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் இங்கே கார் தயாரிப்பை முடித்தது. ஷெவர்லே 2017 முடிவிலேயே இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. வண்டி கெட்டுப்போகவில்லை, மறுவிற்பனை விலை சரிந்தது, சர்வீஸ் மையங்கள் குறைந்தன. மாதா மாதம் மிகக் குறைவாக விற்கும் பிராண்டை வாங்கினால் இந்த அபாயத்தையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

5. எலக்ட்ரிக்: முடிவு செய்வது உங்கள் பார்க்கிங்

எலக்ட்ரிக் காரில் லாபமா நஷ்டமா என்பதற்கு விடை உங்கள் வீட்டு மீட்டர் அறையில் இருக்கிறது. சொந்த மீட்டரிலிருந்து சொந்தப் பார்க்கிங்குக்கு ஒயர் இழுக்க முடிந்தால் வாங்கலாம். தெருவில் நிறுத்துகிறவர்கள் இப்போதைக்குப் பொறுத்திருப்பது நல்லது.

கணக்கைப் பாருங்கள். டாடா நெக்ஸான் அளவுள்ள எலக்ட்ரிக் வண்டி நகரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு 143 யூனிட். சார்ஜ் ஏறும்போது பத்துப் பதினைந்து சதவீதம் வீணாவதால் மீட்டரில் 160-க்கு மேல் காட்டும். இரண்டு மாத பில்லில் 330 யூனிட் கூடும். ஏற்கெனவே 350 யூனிட் ஓட்டும் வீடு என்றால் மொத்தம் 680 ஆகிவிடும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 500-ஐத் தாண்டியதும் மேலே உள்ள யூனிட்டுகள் 8 ரூபாய்க்கு மேல் போவதோடு, கீழ்த் தட்டில் இருந்த மலிவு விலையும் போய்விடும். ஆகவே 'யூனிட் ஐந்து ரூபாய்' என்று ஷோரூமில் போட்டுக்காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். வண்டிக்கு ஏறும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 9 ரூபாய் என்று வையுங்கள். அப்படி வைத்தாலும் 2,000 கிலோமீட்டருக்கு 3,000 ரூபாய்தான். நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், அதே தூரத்துக்கு 15,000-க்கு மேல். வெளியே பாஸ்ட் சார்ஜரை மட்டும் நம்பினால் யூனிட் 20 ரூபாயும் அதற்கு மேலும் ஆவதால் மிச்சம் வெகுவாகக் குறையும்.

சார்ஜர் பொருத்தும் வேலையை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் மின்வாரிய அட்டையில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். வீட்டுச் சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். லோடு போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தினம் 50 கிலோமீட்டருக்குள் ஓடுபவர்களுக்கு இது தேவையே இல்லை. 15 ஆம்பியர் பிளக்கில் போடும் 3.3 கிலோவாட் சார்ஜரே இரவு எட்டு மணி நேரத்தில் 150 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றித் தந்துவிடும். அந்த பிளக் பாயிண்டை மட்டும் தனி ஒயர், தனி எம்சிபியோடு (சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) புதிதாகப் போடுங்கள். வாஷிங் மெஷின் பாயிண்டில் செருகினால் பிளக் சூடாகி உருகலாம்.

அபார்ட்மெண்ட் என்றால் சங்கத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒயர் உங்கள் சொந்த மீட்டரிலிருந்து வருகிறது, பொது மின்சாரம் இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கிவிடும். 7.2 கிலோவாட்டுக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 40 ஆம்பியர் எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானே அணைக்கும் சுவிட்ச்) வேண்டும். மீட்டர் அறையிலிருந்து பார்க்கிங் 30 மீட்டரைத் தாண்டினால் 10 சதுர மில்லிமீட்டர் போடுங்கள்; இல்லையென்றால் வோல்டேஜ் இறங்கும்.

எர்த்தைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். பழைய கட்டடங்களில் எர்த் குழி கோடையில் காய்ந்துபோய் இந்த அளவு ஏறும். சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸுக்கு ஓடுவார்கள், குறை குழியில் இருக்கும். சார்ஜருக்கென்று தனி எர்த் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது.

பேட்டரி வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டாடா, மஹிந்திராவின் இப்போதைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்). சூட்டைத் தாங்கும், ஆயுள் அதிகம். வாரம் ஒருமுறை 100 சதவீதம் ஏற்றினால்தான் மீதி சார்ஜ் எவ்வளவு என்பதைச் சரியாகக் காட்டும். கிரெட்டா எலக்ட்ரிக்கில் இருப்பது என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது). தினசரி 80 சதவீதத்தில் நிறுத்தி, வெளியூர் போகும் அன்று மட்டும் முழுதாக ஏற்றுங்கள். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி பொதுவானது. சில கம்பெனிகள் ஆயுள் முழுக்க என்று விளம்பரம் செய்கின்றன. அது முதல் உரிமையாளருக்கு மட்டும், சொந்தப் பயன்பாட்டுப் பதிவுக்கு மட்டும் என்பதை வாரண்டி புத்தகத்தில் படியுங்கள். விற்கும்போது விலையைக் குறைப்பது அந்த வரிதான். பேட்டரியை வாடகைக்குத் தரும் திட்டத்தில், ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறைந்தபட்ச கிலோமீட்டருக்குப் பணம் கட்டும் நிபந்தனை இருக்கிறதா என்று கேளுங்கள்.

விளம்பரத்தில் சொல்லும் ரேஞ்சில் (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) 70 சதவீதத்தை மட்டும் நம்புங்கள். சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கிலோமீட்டர். 45 யூனிட் பேட்டரி வண்டியில் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை பக்கம் ஒருமுறை நிறுத்த வேண்டி வரும். 80 சதவீதம் ஏறியதும் கிளம்பிவிடுங்கள். கடைசி 20 சதவீதம் ஏற முன் 70-க்கு ஆன நேரம் பிடிக்கும். நிறுத்த நினைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சார்ஜரையும் குறித்து வையுங்கள், முதலாவது வேலை செய்யாமல் இருக்கலாம்.

எலக்ட்ரிக்கில் சர்வீஸ் செலவு குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. வண்டியை எழுப்புவது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தால் கீழே பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் ரிமோட்டில் கதவு திறக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் இருப்பவர்கள் பிரேக் டிஸ்க்கையும் கவனிக்க வேண்டும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் வேலை செய்யாது, உப்புக்காற்றில் டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் வராத இடத்தில், நான்கைந்து தடவை நன்றாக அழுத்திப் பிரேக் பிடியுங்கள்.

6. தண்ணீர்

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் மூழ்கிய கார்களுக்குக் கணக்கில்லை. மழை அறிவிப்பு வந்தால் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது சும்மா இல்லை.

தண்ணீரில் நின்ற பெட்ரோல், டீசல் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்றுக் குழாய் வழியாக உள்ளே போன தண்ணீரை பிஸ்டன் அமுக்கப் பார்க்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைச் சாதாரண இன்ஷூரன்ஸ் ஏற்காது. 'இன்ஜின் ப்ரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் தனியாக வேண்டும். சென்னையில், தேய்மானம் கழிக்காமல் உதிரிபாக விலையைத் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவருக்கு அடுத்து இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எலக்ட்ரிக் வண்டியின் பேட்டரிப் பெட்டி ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று சோதித்தது. ராத்திரி முழுக்க நிற்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. நனைந்த வண்டியில் சார்ஜரைச் செருகாதீர்கள். சக்கரம் தரையில் உருளாமல் பிளாட்பெட் லாரியில் ஏற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்று நிறக் கோடு தெரிந்தால் வண்டி மூழ்கியது. சீட்டுக்குக் கீழே உள்ள தண்டவாளத்தின் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் படிந்த மண்ணையும் பாருங்கள்.

7. விலைத் தாளும் டெலிவரியும்

ஆன்-ரோடு விலையை (வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தது) ஒரே எண்ணாகக் கேட்காமல் வரி வரியாக எழுதி வாங்குங்கள். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் சாலை வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 10 லட்சத்தை ஒட்டிய விலையில் ஒரு வேரியண்ட் மேலே போனால் வரியில் மட்டும் ஐம்பதாயிரம் கூடும். பேட்டரி கார்களுக்கு இந்த வரியில் முழு விலக்கு கிடைப்பது அரசாணையைப் பொறுத்தது, காலக்கெடுவோடு வருவது. நீங்கள் பதிவு செய்யும் நாளில் அமலில் இருப்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி எலக்ட்ரிக்குக்கு 5 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் உள்ள, சின்ன இன்ஜின் கொண்ட பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18, மற்றவற்றுக்கு 40.

'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸை வெளியே வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே ஒரு விலை கேட்டு வந்து சொன்னாலே ஷோரூம் விலை இறங்கும். நீட்டிக்கப்பட்ட வாரண்டியை, குறிப்பாக டர்போ அல்லது ஆட்டோமேட்டிக் என்றால், விடாதீர்கள். பெயிண்ட் கோட்டிங், இன்ஜின் கோட்டிங் வேண்டாம்.

பதிவுக்கு முன் யார்டில் உங்கள் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்வாய்ஸில் உள்ள சேஸி எண்ணும் வண்டியில் உள்ளதும் ஒன்றா, தயாரித்த மாதம் என்ன, டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்) அதோடு ஒத்துப்போகிறதா, பானெட் போல்ட்டுகளில் பெயிண்ட் உரிந்திருக்கிறதா, ஏசி பத்து நிமிஷத்தில் குளிர்கிறதா. எலக்ட்ரிக் என்றால் சார்ஜ் கேபிளைச் செருகி ஏறுகிறதா என்றும் பாருங்கள். குறை தெரிந்தால் அங்கேயே வேறு வண்டி கேளுங்கள். பதிவு எண் விழுந்த பிறகு மாற்றித் தரமாட்டார்கள், ரிப்பேர்தான் செய்து தருவார்கள்.